பனிச்சறுக்கு இல்ல ஐயா, அது ஐஸ்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் வாழைச்சேனைல இருந்து எழுதுறன். உங்கட பேப்பர் எங்கட வீட்ட பதினெட்டு வருசமா வருது, மரண அறிவித்தல்ல இருந்து ராசிபலன் வரைக்கும் ஒண்டும் விடாமப் பார்க்கிற ஆள் நான், ஆனா இதுவரைக்கும் ஒரு கடிதம் எழுதினதில்ல, எழுதுற பழக்கமும் இல்ல, பிழை கிழை இருந்தா திருத்திப் போடுங்க. போன கிழமை ஸ்போர்ட்ஸ் பக்கத்தில நீங்க போட்ட ஒரு சின்ன நியூஸப் பார்த்தாப் பிறகு சும்மா இருக்க ஏலல்ல, அதான்.

கீழ் மூலைல, ஐபிஎல் பொயின்ட் டேபிளுக்கும் காணி விற்பனை விளம்பரத்துக்கும் நடுவுல நசுங்கிக் கிடந்திச்சு. தலைப்பு "பனிச்சறுக்கில் அமெரிக்கா ஆதிக்கம்". உள்ளுக்க அஞ்சு வரி. பொஸ்டன்ல 2025 ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸ் மேல சறுக்கிப் பாய்ஞ்சு சுத்தி ஆடுற ஆட்டம்) உலக சம்பியன்சிப் முடிஞ்சிட்டு, மூணு தங்கம் அமெரிக்காவுக்கு, ஒண்டு ஜப்பானுக்கு, அவ்வளவுதான். சரி, கிரிக்கெட் நடக்கிற நேரம் அஞ்சு வரி கிடைச்சதே பெரிசு எண்டு நினைச்சுக்கொண்டு படத்தைப் பார்த்தா, தலைல ஹெல்மட், கண்ணுல பெரிய கண்ணாடி, ரெண்டு கைலயும் ரெண்டு கம்பு, மலைச்சரிவுல இறங்கி வாற ஒரு பொடியன்! அது ஸ்கீயிங் ஐயா. வேற ஆட்டம். சீல விளம்பரத்துக்கு சாரம் கட்டின ஆள்ட படத்தைப் போட்ட மாதிரி. அதோட நிக்கல்ல, ஜோடிப் பிரிவுல "ரிக்கு மியூரா கிஹாரா என்பவர்" தங்கம் வென்றார் எண்டு வேற கிடக்கு. ரிக்கு மியூரா பொம்பிளப் புள்ள, ரியுச்சி கிஹாரா ஆம்பிள, ரெண்டு பேர். ஜோடிப் போட்டில தனிய நிண்டு ஜெயிக்க அவர் என்ன அர்த்தநாரீஸ்வரரா. என்ட மகள் அதை வாசிச்சிட்டு சிரிச்ச சிரிப்பில பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தா.

முதல்ல இந்தப் பனி கதையைக் கதைப்பம். நம்மட பக்கம் பனி எண்டா என்ன? மார்கழில விடியப்புறம் தலைல விழுறது, "துவாயப் போட்டுக்கொண்டு போ மனே, தடிமன் பிடிக்கும்" எண்டு அம்மா கத்துறது, வயல் வரம்புல நடந்தா கால் நனையிறது. அதில சறுக்கி விழுந்தவங்களக் கண்டிருக்கன், சம்பியன் ஆனவங்களக் காணல்ல. வானத்தில இருந்து பஞ்சு மாதிரி விழுறத வேணுமெண்டா பனி எண்டு சொல்லுங்க, அது மேல கம்பு ஊண்டி ஓடுறத பனிச்சறுக்கு எண்டு சொல்லுங்க, எனக்கு சண்டை இல்ல. ஆனா பொஸ்டன்ல ஆடினது பனில இல்ல. ஐஸ்ல. ஐஸப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனெண்டா நான் இருபத்திரெண்டு வருசமா ஐஸ் பெக்டரில வேலை செய்யிறன்.

ஐஸ் பெக்டரிய உங்கட பேப்பர் ஆக்கள் உள்ளுக்க வந்து பார்த்திருக்கமாட்டீங்க எண்டு நினைக்கிறன். பெரிய தொட்டி ஒண்டு, அதுக்குள்ள கடுமையான உப்புத்தண்ணி, கீழால பைப்ல குளிர் ஓடும், உப்பு இருக்கிறதால அந்தத் தண்ணி மைனஸுக்குப் போனாலும் உறையாது. அந்த உப்புத்தண்ணிக்குள்ள நல்லதண்ணி ஊத்தின தகரக் கேன்களை வரிசையா இறக்கி விடுவம், ஒரு நாளைக்கு மேல கிடந்தா கட்டியாகிடும், மறுகா தூக்கி சாதாரண தண்ணில ஒருக்கா முக்கினா சுத்தி வர இளகி, சளுக்கெண்டு கட்டி வெளில வரும். ஓரம் கண்ணாடி மாதிரி கிளியரா இருக்கும், நடுவுல மட்டும் வெள்ளையா ஒரு கோடு, அது தண்ணில இருந்த காத்தும் உப்புகிப்பும் உறைய உறைய நடுவுக்கு ஒதுங்கி மாட்டுப்பட்டது. புதுசா வாற பொடியனுக்கு முதல் நாள் இதைத்தான் காட்டுற நாங்க.

இப்ப கேளுங்க, அந்த பொஸ்டன் அரங்குல கீழ கிடக்கிறதும் கிட்டத்தட்ட நம்மட தொட்டிதான். கொன்கிரீட் தளத்துக்குள்ள பைப் பைப்பா போட்டு அதுக்குள்ள உறையாத குளிர்த்தண்ணி ஓட விடுறாங்க, மேல தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு மெல்லிய மெல்லிய படையா உறைய விடுறாங்க, எல்லாம் சேர்ந்தாலும் ரெண்டு இஞ்சி மொத்தம் வராது. ஆட்டத்துக்கு இடையில ஒரு மெசின் வந்து கீறல் எல்லாத்தையும் சீவி எடுத்திட்டு சுடுதண்ணி ஊத்திக்கொண்டு போகும். சுடுதண்ணி! முதல் தரம் பார்த்தப்ப எனக்கே பைத்தியக்கார வேலை மாதிரி கிடந்திச்சு. மறுகாதான் விளங்கினது, சுடுதண்ணில காத்து குறைவு, கீழ கிடக்கிற ஐஸ கொஞ்சம் இளக்கி அதோட ஒட்டி உறையும், வெள்ளைக் கோடு விழாது. இருபத்திரெண்டு வருசமா நாங்க அந்த வெள்ளைக் கோட்டோட மாரடிச்சுக்கொண்டு இருக்கம், அங்க ஒராள் சீட்ல இருந்து மெசின் ஓட்டிக்கொண்டே முடிச்சிட்டுப் போறார். அந்த டிடி கார்டன் அரங்கு ஐஸ் ஹொக்கிக்கும் சொந்த இடம், பாஸ்கட்போலுக்கும் சொந்த இடம், ஐஸ் மேலயே பலகைய அடுக்கி பாஸ்கட்போல் ஆடுறாங்க எண்டு மகள் சொன்னப்ப எங்கட பெக்டரில ஒருத்தரும் நம்பல்ல.

மகள்தான் இதெல்லாத்துக்கும் காரணம். அவக்கு அப்ப பன்னிரெண்டு வயசு, 2022ல, போன்ல என்னமோ பார்த்துக்கொண்டிருந்தவ ஓடி வந்து "அப்பா உங்கட பெக்டரி ஐஸ்ல இப்பிடி ஆட ஏலுமா" எண்டு கேட்டா. நான் சொன்னன், எங்கட ஐஸ்ல ஆடினா சூரை மீனோட சேர்ந்துதான் ஆடணும் புள்ள எண்டு. அண்டைல இருந்து வீட்ட இந்தப் பேச்சுத்தான். இப்ப அவ ஓ/எல் படிக்கிறா, பாய்ச்சல்கள்ல லட்ஸ் எது ஃப்ளிப் எது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா, கணக்குப் பாடத்துக்கு அந்த ஞாபகசக்தி எங்க போகுதோ தெரியல்ல.

சரி பொஸ்டனுக்கு வாறன். பொம்பிளப் புள்ளைகள்ட கடைசி ஆட்டம் அங்க வெள்ளிக்கிழமை இரவு, நம்மட நேரத்துக்கு சனிக்கிழமை விடிய. எனக்கு நைட் சிப்ட். நோன்பு மாசத்துக் கடைசி, என்னோட வேலை செய்யிற ஓட்டமாவடி காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒராள் சஹர், அதாவது நோன்புக்கு விடியமுன் சாப்பாடு, செய்திட்டு பேரீச்சம்பழப் பெட்டியோட வந்து குந்தினார், போனை உப்புப் பேக் மேல சாத்தி வெச்சிட்டு ரெண்டு பேரும் பார்த்தம். அவருக்கு இதில முதல்ல ஒரு இழவும் விளங்கல்ல, "தம்பி இதில கோல் எங்கிட்டு" எண்டு கேட்ட மனிசன், ஒரு மணித்தியாலம் போக "ஆ, இந்தப் புள்ள சரியா சுத்தல்ல, குறைக்கப் போறானுகள்" எண்டு ஜட்ஜுக்கு முன்னாடி தீர்ப்புச் சொல்றார். கொஞ்சம் விட்டா பெனல்லயே இருத்தியிருப்பாங்க.

நீங்க அஞ்சு வரில விட்ட கதை இதுதான். அலிசா லியூ. வயசு 19. கலிபோர்னியாப் புள்ள. தகப்பன் ஆர்தர் லியூ சீனாவில இருந்து 1989க்குப் பிறகு, தியனன்மென் கலவரத்துக்குப் பிறகு, தப்பி ஓடி வந்த அகதி. அகதி எண்ட சொல்லை நம்மட மாவட்டத்தில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. இந்தப் புள்ள 13 வயசில, 2019ல, அமெரிக்க சம்பியன். பெரியாக்களோட ஆடி. அடுத்த வருசமும் அவதான். 2022ல பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போனா, அதே வருசம் பிரான்ஸ்ல மொன்பெலியே எண்ட ஊர்ல நடந்த உலகப் போட்டில வெண்கலம் எடுத்தா, எடுத்திட்டு அடுத்த மாசம் போதும் எண்டிட்டு வெளிய போயிட்டா. பதினாறு வயசில ரிட்டயர்! நம்மட ஊர்ல பதினாறு வயசில பொடியங்கள் என்ன செய்யிறது எண்டே முடிவெடுக்கல்ல, அந்தப் புள்ள ஒரு முழு சீவியத்தை முடிச்சிட்டு வீட்ட வந்திட்டா. யுனிவர்சிட்டிக்குப் போனா, கூட்டாளிமாரோட திரிஞ்சா. ரெண்டு வருசம் ஐஸ் பக்கமே இல்ல. மறுகா 2024 தொடக்கத்தில ஸ்கீயிங் போன இடத்தில (பார்த்தீங்களா, உங்கட படத்துப் பொடியன் செய்யிற வேலை, அதுதான் உண்மையான பனிச்சறுக்கு) வேகமா இறங்கேக்க பழைய உணர்வு ஒண்டு வந்திருக்கு, சும்மா ஒருக்கா ஐஸ் அரங்குக்குப் போய்ப் பார்த்திருக்கா, பிறகு திரும்பி வாறன் எண்டு சொல்லிட்டா. ஒரு வருசம். ஒரே ஒரு வருசம்தான்.

இந்த இடத்தில கௌரி சகாமொட்டோவப் பத்தி சொல்லாட்டி அநியாயம். ஜப்பான்காரி. 2022ல மொன்பெலியேல அலிசா வெண்கலம் எடுத்த அதே மேடைல தங்கம் எடுத்தவ, பிறகு 2023, 2024 எண்டு தொடர்ந்து மூணு தரம் உலக சம்பியன். அலிசா இல்லாத காலம் முழுக்க அரசாட்சி செய்தது இவதான். நாலாவது தரம் எடுக்க வந்தவ, முதல் நாள் ஆட்டத்தில ஒரு தடுமாற்றம், அஞ்சாவது இடத்துக்குப் போயிட்டா. இதில ரெண்டு ஆட்டம் ஐயா, முதல்ல சின்னது ஒண்டு, சோட் புரோகிராம், பிறகு ரெண்டு நாளோ என்னமோ போக நீளமானது ஒண்டு, ஃப்ரீ ஸ்கேட், ரெண்டையும் கூட்டித்தான் ரிசல்ட். சகாமொட்டோ நீள ஆட்டத்தில நல்லாத்தான் பிடிச்சா, 71.03ஓட 146.95, எல்லாமாச் சேர்த்து 217.98.

அலிசா முதல் நாள் 74.58 எடுத்து முன்னுக்கு நிண்டபடியா கடைசியாத்தான் வருவா. அவ ஐஸுக்கு இறங்குற நேரமாப் பார்த்து ஒரு ஆழ்கடல் போட்காரர் வந்து ஐஸ் கேட்டு நிக்கிறார். அண்ணன் ஒரு நாலு நிமிசம் எண்டன். அவர் நான் சொன்ன மொழியைக் கேட்டு, என்ன இவன் கிறுக்கனா எண்டு பார்த்திட்டு, சரி எண்டு காக்காட பக்கத்தில குந்தி ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். பொம்பிளைகள்ட நீள ஆட்டம் நாலு நிமிசம்தான், நான் பொய் சொல்லல்ல.

அந்த நாலு நிமிசத்தை எழுத எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்றன். ஐஸ்ல நடக்கிறவனுக்கு உடம்பு எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். காலைத் தூக்கமாட்டான், இழுப்பான், தோள் ரெண்டும் காதுக்கிட்ட ஏறி நிக்கும், வயிறு இறுகிக் கிடக்கும். நான் ஒருக்கா கட்டி இழுக்கேக்க வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு ஆறு கிழமை கட்டோட கிடந்தவன், இண்டைக்கும் ஈரமான இடத்தில கால் வைக்கேக்க பல்லைக் கடிக்கிறன். மத்தப் புள்ளைகள் எல்லார்ட முகத்திலயும் ஆட்டம் தொடங்கேக்க அந்தப் பல்லுக் கடி தெரியும், அது எனக்கு உடனே விளங்கும். இந்தப் புள்ளட முகத்தில அது இல்ல. எழும்பிச் சுத்தி ஒத்தக் காலில வந்து இறங்குறா, இறங்கின கால் மடங்கல்ல, பின்னுக்கு அப்பிடியே நீளமா வழுக்கிக்கொண்டு போகுது, முகத்தில சிரிப்பு. அடுத்தது. அடுத்தது. கடைசி நிமிசத்தில சனம் எழும்பிட்டு, அவ இன்னும் முடிக்கல்ல, சத்தத்தில பாட்டுக் கேக்கல்ல. போட்காரர் வாய்ல வெச்ச பழத்தோட அப்பிடியே இருக்கிறார்.

148.39. எல்லாம் சேர்த்து 222.97. சகாமொட்டோவை விட 4.99 கூட. மூணாவது ஜப்பான்ட மோனே சிபா. அமெரிக்காப் பொம்பிளப் புள்ள ஒருத்தி உலகத் தங்கம் எடுத்து 19 வருசம், கடைசியா 2006ல கிம்மி மைஸ்னர். அதாவது அலிசாட முழு வயசும் கிட்டத்தட்ட இந்தப் பத்தொன்பதுதான். இது நியூஸ் இல்லையா ஐயா? "அமெரிக்கா ஆதிக்கம்" எண்டு போட்டா இதில எது தெரியுது?

போட்காரருக்கு ஐஸ் குடுக்க நாலு நிமிசம் எண்டது இருவத்தஞ்சு நிமிசமாப் போச்சு, பிறகு மொதலாளிட்ட வாங்கிக் கட்டினது வேற கதை.

பொயின்ட் எப்பிடிப் போடுறாங்க எண்டதையும் ஒருக்காலாவது ஒரு பெட்டிச் செய்தியா போட்டா என்ன. முந்தி 6.0 எண்டு ஒரு முறை இருந்தது, ஜட்ஜ்மார் கண்ணால பார்த்து ஆறுக்கு இவ்வளவு எண்டு போடுவாங்க. 2002ல சோல்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ல ஜோடிப் போட்டில தில்லுமுல்லு எண்டு பெரிய பிரச்சினையாகி கடைசில ரசியா ஜோடிக்கும் கனடா ஜோடிக்கும் ரெண்டு தங்கம் குடுத்துத்தான் முடிச்சாங்க. அதுக்குப் பிறகுதான் இப்ப இருக்கிற முறை. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு விலை இருக்கு, மூணு சுத்து லட்ஸ் எண்டா 5.90, மூணு சுத்து ஆக்ஸல் எண்டா 8.00. அதை எவ்வளவு திறமாச் செய்தா எண்டு ஒன்பது ஜட்ஜ் மைனஸ் அஞ்சில இருந்து பிளஸ் அஞ்சு வரைக்கும் போடுவாங்க, ஆகக் கூடினதையும் ஆகக் குறைஞ்சதையும் எடுத்து வீசிட்டு மிச்சத்தைத்தான் கணக்கெடுக்கிறது. நல்ல யோசனை, நம்மட வருசப் போட்டில சொந்தக்காரப் பொடியனுக்கு பத்துக்குப் பத்து போடுற மாமாக்களை இப்பிடித்தான் கழிக்கணும். வேற ஒரு கூட்டம் வீடியோவ மெதுவா ஓட்டி, சுத்து முழுசா முடிஞ்சிதா, கால் இறங்கேக்க கால்வாசி குறையுதா எண்டு பார்ப்பாங்க. நம்மட வாடில மீன் நிறுக்கேக்க தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிக்கிற ஆக்கள் மாதிரி. அதுவும் பிழையில்ல, ஜோடிப் பிரிவைப் பாருங்க, மியூராவும் கிஹாராவும் 219.79, ஜேர்மன்காரர் மினெர்வா ஹாசேயும் நிகிட்டா வொலோடினும் 219.08. வித்தியாசம் 0.71. ஒரு தரம் இறங்கேக்க கை ஐஸ்ல பட்டா போற பொயின்ட். இவ்வளவு கிட்ட முடிஞ்ச போட்டிலதான் நீங்க ஜெயிச்ச ரெண்டு பேரையும் ஒராளாக்கி வெச்சிருக்கீங்க.

ஆம்பிளைகள்ட பக்கம் இழுபறி ஒண்டும் இல்ல. இலியா மலினின், 20 வயசு, 318.56, ரெண்டாவது வந்தவரை விட 31 பொயின்ட் கூட. இவர்ட தாய் தகப்பன் ரெண்டு பேரும் உஸ்பெகிஸ்தானுக்கு ஆடின ஸ்கேட்டர்மார். ஆக்ஸல் எண்ட பாய்ச்சல் மட்டும்தான் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு பாயிறது, மத்தது எல்லாம் பின்னுக்கு, அதால ஆக்ஸலுக்கு எப்பவும் அரைச் சுத்து கூட. நோர்வேக்காரர் ஆக்ஸல் பவுல்சன் 1882ல தொடக்கி வெச்சது, நாலு சுத்து ஆக்ஸல், அதாவது நாலரைச் சுத்து, போட்டில முதல் முதல் சரியா இறக்கினது மலினின்தான், 2022 செப்டம்பர்ல. காக்கா அதை மெதுவா ஓட்டி எண்ணிப் பார்த்திட்டு, "தம்பி, எனக்கு எண்ணவே தலை சுத்துது, இவன் எப்பிடி நிக்கிறான்" எண்டார்.

எனக்கு மனசில நிண்டது ரெண்டாவது ஆள், மிக்கைல் ஷைடொரொவ், கசக்ஸ்தான். அந்த நாட்டுக்கு முந்தி டெனிஸ் டென் எண்டு ஒராள் இருந்தார், 2013ல உலகப் போட்டில வெள்ளி, 2015ல வெண்கலம், ஒலிம்பிக் வெண்கலமும் எடுத்தவர். 2018ல அல்மாட்டில அவர்ட காரில கண்ணாடி களவெடுக்க வந்தவங்கள் குத்திச் சாகடிச்சுப் போட்டாங்கள். கார்க் கண்ணாடிக்கு. அதுக்குப் பிறகு அந்த நாட்டுக்கு உலக மெடல் கொண்டு வந்த முதல் ஆள் இந்தப் பொடியன். மூணாவது ஜப்பான்ட யூமா ககியாமா. ஐஸ் டான்ஸ்ல மடிசன் சொக்கும் எவன் பேட்ஸும், புருசன் பெஞ்சாதி, தொடர்ந்து மூணாவது தரம் தங்கம், எனக்கு ஐஸ் டான்ஸ் அவ்வளவு பிடிக்காது, மகளுக்குத்தான் உயிர். ஆனா வெண்கலம் எடுத்த பிரித்தானிய ஜோடி லைலா ஃபியரும் லூயிஸ் கிப்சனும் தங்கட நாட்டுக்கு 1984க்குப் பிறகு முதல் உலக மெடல் கொண்டு போனாங்க, லண்டன்ல இருக்கிற நம்மட சனம் சந்தோசப்பட்டிருக்கும்.

இன்னொண்டு. போட்டி நடந்தது பொஸ்டன்ல. ஜனவரி 29ம் திகதி வொசிங்டன்ல பிளேனும் ஆமி ஹெலிகொப்டரும் மோதி 67 பேர் செத்தது உங்கட முன் பக்கத்திலயே வந்தது, நான் வாசிச்சனான். அதில 28 பேர் இந்த ஸ்கேட்டிங் ஆக்கள், சின்னப் புள்ளைகள், தாய் தகப்பன்மார், கோச்மார், விச்சிட்டால பயிற்சி முகாம் முடிச்சிட்டு வீட்ட வந்த ஆக்கள். ஆறு பேர் பொஸ்டன் ஸ்கேட்டிங் கிளப் ஆக்கள். அதில யெவ்கேனியா ஷிஷ்கோவாவும் வடிம் நவுமொவும், 1994ல இதே உலகப் போட்டில ஜோடிப் பிரிவு தங்கம் எடுத்த புருசன் பெஞ்சாதி. அவங்கட மகன் மக்சிமும் ஸ்கேட்டர், அதுக்கு கொஞ்ச நாளுக்கு முன்னுக்குத்தான் அமெரிக்க சம்பியன்சிப்ல நாலாவது வந்தவர், அந்தப் பிளேன்ல வரல்ல. போட்டி தொடங்கினது மார்ச் 26. முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்சு இன்னும் ஒரு மாசம் கூட ஆகல்ல. நம்மட வீடுகள்ல எண்டா ரேடியோ கூடப் போடமாட்டம். அவங்க முதல் நாளே அஞ்சலியும் செலுத்தி ஆட்டத்தையும் ஆடினாங்க. சுனாமிக்குப் பிறகு நம்மட சனம் மாசக்கணக்கில மீனைத் தொடல்ல, பெக்டரி பூட்டிக் கிடந்தது, ஒரு நாள் விடிய ஒராள் வந்து பெட்டியை நீட்டி "அரைக் கட்டி தாங்க" எண்டார், மொதலாளி காசு வாங்கல்ல. பொஸ்டன்ல முதல் புள்ள ஐஸ்ல இறங்கினப்ப எனக்கு அந்த ஆள்தான் ஞாபகம் வந்தது. உங்கட முன் பக்க நியூஸுக்கும் பின் பக்க நியூஸுக்கும் இப்பிடி ஒரு தொடுப்பு இருந்தது, ஆனா ரெண்டையும் எழுதின ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் கதைச்சிருக்கமாட்டாங்க போல.

பேர் விசயத்தில ஒரு யோசனை சொல்றன். இந்த ஆட்டத்துக்கு ஃபிகர் எண்ட பேர் வந்ததே ஐஸ்ல கோலம் போடுறதாலதான். ஒத்தக் காலில நிண்டு வட்டமும் எட்டும் கீறி, அதே கோட்டில திரும்பவும் ஓடி, ஜட்ஜ்மார் குனிஞ்சு கோட்டைப் பார்த்து மார்க்ஸ் போடுவாங்களாம், 1990ஓட அந்தப் பகுதியை எடுத்திட்டாங்க. இதை வாசிச்சப்ப எனக்கு எங்கட அப்பப்பா ஞாபகம் வந்தார், வடமோடிக் கூத்தில ஆடினவர், கரப்புடுப்புக் கட்டிக்கொண்டு வட்டக்களரில எட்டுப் போட்டு ஆடேக்க கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்துக்குப் பக்கத்தில நிண்டு கால் எங்க விழுது எண்டுதான் பார்ப்பாராம், முகத்தைப் பார்க்கமாட்டாராம். மட்டக்களப்பு ஆக்களுக்கு இந்த ஆட்டம் அந்நியம் எண்டு ஏன் நினைக்கிறீங்க. மகள் சொல்றா ஐஸ் கூத்து எண்டு பேர் வைக்கச் சொல்லி, அது வேணாம், கூத்துக்காரரும் கோவிப்பாங்க, ஸ்கேட்டிங்காரரும் கோவிப்பாங்க. ஐஸ் ஸ்கேட்டிங் எண்டு அப்பிடியே போடுங்க. பஸ்ஸை பஸ் எண்டுதானே போடுறீங்க.

சூட்டு நாட்டுக்காரருக்கு இது எதுக்கு எண்டு உங்கட ஒபிஸ்ல யாரும் கேட்டா, மெக்சிக்கோவில டொனோவன் கரிலோ எண்டு ஒராள் கடைத்தொகுதிக்குள்ள இருக்கிற சின்ன ஐஸ் அரங்குல பழகித்தான் 2022 ஒலிம்பிக்ல கடைசி ஆட்டம் வரைக்கும் வந்தவர் எண்டு சொல்லுங்க, பிலிப்பைன்ஸ்ல மைக்கல் மார்ட்டினெஸும் அப்பிடித்தான், கடைக்குள்ள தொடங்கி 2014ல சொச்சிக்குப் போனவர். அங்கயும் சனம் மரத்தடில இளநி குடிக்கிற வெயில்தான்.

2026 பெப்ரவரில இத்தாலில மிலான் ஒலிம்பிக், பிறகு மார்ச்ல உலகப் போட்டி பிராக்ல. பொஸ்டன் ரிசல்ட்ட வெச்சுத்தான் எந்த நாட்டுக்கு ஒலிம்பிக்ல எத்தனை இடம் எண்டதைப் பெரும்பாலும் தீர்மானிச்சாங்க, அதையும் நீங்க போடல்ல. மிலானுக்கு உங்களுக்கு ஆள் இல்லாட்டி எனக்கு ஒரு கோல் எடுங்க, நான் காசு கேக்கமாட்டன், மகள் பேர்களைச் சரியா எழுதித் தருவா, நான் ஐஸப் பத்தி சொல்லுவன், காக்கா ஜட்ஜ்மாரைப் பத்தி சொல்லுவார்.

உங்கட பேப்பர்ல இருந்து வெட்டின அந்தக் கம்பு புடிச்ச பொடியன்ட படத்தையும் இதோட வெச்சு அனுப்புறன். அவர் எந்தப் போட்டில எந்த நாட்டுக்கு ஓடினவர் எண்டு கண்டுபிடிச்சா ஒருக்காப் போட்டு விடுங்க, அவரும் ஏதும் வெண்டிருப்பார், பாவம்.

இப்படிக்கு,
ஐஸ் பெக்டரி வாசகன்,
வாழைச்சேனை.